பழைய இணையதளத்தைச் சீரமைப்பதா, புதிதாகச் செய்வதா? மதுரைச் சிறு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கடைக்கோ பட்டறைக்கோ சில ஆண்டுகளுக்கு முன் செய்துவைத்த இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள விலையும் படமும் பழையவை, கைபேசியில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, இரண்டு பக்கங்கள் திறப்பதே இல்லை. யாரிடம் போய்க் கேட்டாலும் "மொத்தமாக மாற்றிவிடுவோம் சார்" என்பதே முதல் பதிலாக வரும். விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலை விற்கும் எங்கள் குடும்பக் கடையின் தளத்துக்காக இந்தக் கேள்வியோடு பல மாதங்கள் அலைந்தேன். ஒருவர் 12,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் ஒரு லட்சத்துக்குக் குறைந்து கையே வைக்க முடியாது என்றார். இருவருமே தளத்தின் உள்ளே நுழைந்து பார்க்காமலேயே தொகையைச் சொன்னார்கள்.

தளம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. தளம் யார் பெயரில் இருக்கிறது, அதன் உட்புறம் இன்னும் புதுப்பிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா, வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கத்தின் வழியாக உள்ளே வருகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே கொட்டேஷன் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளை எந்தக் காரணத்துக்காகவும் தாண்ட வேண்டாம்.

1. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் குடியிருக்கும் வாடகை இடம். இவை இரண்டும் தனித்தனிப் பொருள்கள் என்பதும், இரண்டுக்கும் தனித்தனிக் காலாவதி நாள்கள் உண்டு என்பதும் நம் பகுதியில் பல கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தராத செய்தி. ஆண்டுக்கு ஒருமுறை "வெப்சைட் ரினீவல்" என்று ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு போவதால், எதற்கு எவ்வளவு போகிறது என்பதே தெரியாமல் இருக்கிறது.

ஹூஇஸ் என்ற இலவசத் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால், எந்தப் பதிவு நிறுவனத்தில் பதியப்பட்டிருக்கிறது, எந்த நாளில் காலாவதியாகிறது என்ற இரண்டும் தெரியும். உரிமையாளர் பெயர் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால் அங்கே உங்கள் பெயர் இல்லாததைக் கண்டு பதற வேண்டாம். அந்தப் பதிவு நிறுவனத்தின் கணக்கில் உங்களால் நுழைய முடிகிறதா, அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையா, ரினீவல் பில் உங்கள் கடைப் பெயருக்கு வருகிறதா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் "இல்லை" என்பது விடையானால், தளம் உங்கள் கையில் இல்லை; வேறொருவர் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கடை விஷயத்தில் நடந்தது இதுதான். தளத்தைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தம்முடைய கணக்கில், தம்முடைய மின்னஞ்சலில் பதிந்திருந்தார். பிறகு அவர் ஊரை விட்டுப் போய்விட்டார், அழைத்தால் எடுப்பதில்லை. பெயரை மீட்கும் வரை தளத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாமல் இருந்தோம். இந்த நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை:

முதலில், கணக்கு மாற்றத்தைக் கடை லெட்டர்பேடில் எழுத்து மூலம் கேளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது பிற்பாடு எந்த இடத்திலும் எடுபடாது. கடிதத்தோடு ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது உத்யம் பதிவுச் சான்றிதழ், கடைக்குப் பயன்படுத்தும் பான் அட்டை நகல், இதுவரை அவருக்குப் பணம் கட்டியதற்கான ரசீதுகள் அல்லது வங்கிப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நிறுவனத்திடம் நேரடியாக முறையிட நேர்ந்தால் இதே தாள்கள்தான் வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒரே பதிவு நிறுவனத்துக்குள்ளேயே அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அதுவே எளிய வழி. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் இபிபி கோடு என்று சொல்லப்படும் மாற்றுக் குறியீடு தேவை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர் கேட்ட ஐந்து நாள்களுக்குள் பதிவு நிறுவனம் அந்தக் குறியீட்டைத் தர வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றப்பட்ட பெயரைப் பொதுவாக 60 நாள்களுக்கு மறுபடி வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலாவதி நாள் நெருங்கியிருந்தால், சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ரினீவலைக் கட்டச் செய்யுங்கள். டாட் காம் பெயர் காலாவதியான பின் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம். அதன் பிறகு பெயர் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போய்விடும். அப்போது மீட்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது ரினீவல் தொகையைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்தக் காலமும் கடந்தால் பெயரை யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம்.

டொமைன் கணக்குக்கு அந்த டொமைனிலேயே இயங்கும் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். ரினீவல் எச்சரிக்கையும் வராது, பாஸ்வேர்டை மாற்றவும் முடியாது. கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்து, அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை உரிமையாளரின் கைபேசி எண்ணோடு இணைத்துவிடுங்கள். கடைப் பையன் எண்ணோடு இணைக்க வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போகும்போது கணக்கும் போய்விடும்.

2. எதையும் தொடுவதற்கு முன் முழு நகல் எடுங்கள்

தளத்தின் கோப்புகள், தரவுத்தளம் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் முழு பேக்கப். கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு "பேக்கப் ஆச்சு" என்பவர்கள் உண்டு; தரவுத்தளம் இல்லையென்றால் உங்கள் பொருள் விவரம், விலை, கட்டுரைகள் எதுவும் திரும்பி வராது. இரண்டையும் ஒரு பென்டிரைவிலும் ஒரு கூகுள் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலோர் மறப்பது மின்னஞ்சலை. உங்கள் கடைப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல் பெட்டிகள் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால், ஹோஸ்டிங்கை மாற்றும்போது பழைய கடிதங்கள் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர், வரைபடம், கட்டண நினைவூட்டல் எல்லாமே மின்னஞ்சலில்தான் வருகின்றன. அப்படிப்பட்டவருக்குத் தளம் ஒரு வாரம் நின்றாலும் பெரிய நஷ்டமில்லை. மின்னஞ்சல் ஒரு நாள் நின்றால் நஷ்டம். ஆகவே தளமும் மின்னஞ்சலும் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று குறித்துவைக்கும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள எல்லா வரிகளையும், குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் என்று குறித்த வரிகளை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு எதுவும் கிடைக்காத தளமாக இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பழைய பக்கங்களின் எழுத்தும் சில படங்களும் அங்கே கிடைக்கக்கூடும்.

3. வாடிக்கையாளர் எந்த வழியாக வருகிறார் என்று கண்டுபிடியுங்கள்

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். டொமைன் உங்கள் கையில் வந்த அன்றே அதில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். ஏனென்றால் சேர்த்த நாளிலிருந்துதான் அது தரவு சேகரிக்கத் தொடங்கும். ஏற்கெனவே யாராவது சேர்த்திருந்தால் கடந்த 16 மாத விவரத்தைப் பார்க்கலாம். எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் இறங்குகிறார்கள் என்பது அங்கே தெரியும்.

எங்கள் தளத்தில் முகப்புப் பக்கத்தைவிட அதிகம் பேர் இறங்கியது, சுங்குடிச் சேலையை முதல் துவையலில் சாயம் இறங்காமல் எப்படித் துவைப்பது என்று என் அத்தை சொல்லச் சொல்ல எழுதிப் போட்ட ஒரு சிறு பக்கத்தில். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது, நிழலில் காயப்போடுவது என்று பத்து வரி. ஒரு படம்கூட இல்லை. எங்களுக்கு வந்த மூன்று புது வடிவமைப்புகளிலும் அந்தப் பக்கம் இடம்பெறவே இல்லை. "யார் சார் இதைப் படிக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார்கள். அதைப் படித்தவர்கள்தான் கடை எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால், குறைந்தது ஒரு மாதமாவது கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அழைப்பவர்களிடம் "நம்ம கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கூகுள் வரைபடம், தளம், இன்ஸ்டாகிராம், உறவினர் சொன்னது என்று நான்கு கட்டம் போதும். கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர்கள் பலருக்கு, வருகிற புது வாடிக்கையாளர் எல்லோரும் வரைபடத்தின் வழியாகவே வருகிறார்கள் என்பது இப்படித்தான் தெரியவரும். அவர்களுக்கு இப்போது வேண்டியது, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சரியான நேரம், எண், படங்கள். அதற்குச் செலவே கிடையாது. ஆனால் அதை மட்டுமே நம்பியும் இருக்க வேண்டாம். அந்தப் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகச் செய்துகொடுத்த தளங்களை 2024 மார்ச்சில் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். சொந்த டொமைன் வாங்காமல் அதையே முகவரியாக அச்சடித்து வைத்திருந்தவர்களின் விசிட்டிங் கார்டுகள் பயனற்றுப் போயின.

4. தளத்தின் உடல்நிலையைச் சோதியுங்கள்

இந்தச் சோதனைகளை நீங்களே செய்யலாம். கடை வைஃபையில் செய்யாதீர்கள்; மொபைல் டேட்டாவில், முடிந்தால் திருமங்கலமோ மேலூரோ போகும் பேருந்தில் உட்கார்ந்து செய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளர் தளத்தைப் பார்ப்பது அப்படித்தான்.

வேகம்: பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, கைபேசிக்கான முடிவை மட்டும் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. சேலைக் கடை, நகைக் கடைத் தளங்கள் மெதுவாக இருப்பதற்கு முதற்காரணம் கைபேசியில் எடுத்த நான்கைந்து எம்பி படங்களை அப்படியே ஏற்றிவிடுவதுதான். படங்களைச் சுருக்கினாலே தளம் பாதி குணமாகிவிடும். இதற்காகப் புதுத் தளம் செய்ய வேண்டியதில்லை.

பாதுகாப்பு: முகவரிப் பட்டையில் "பாதுகாப்பற்றது" என்று வருகிறதா? அந்த எச்சரிக்கையை நீக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலான ஹோஸ்டிங்குகளில் ஒரு சொடுக்கில் இயக்கலாம். இதற்கென்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் ஏன் என்று விசாரியுங்கள். அடுத்து, கூகுளில் உங்கள் டொமைனுக்கு உட்பட்ட பக்கங்களை மட்டும் தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதாத சூதாட்டப் பக்கங்களோ ஜப்பானிய எழுத்துகளோ வந்தால் தளத்தில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று பொருள்.

உட்புறம்: தளம் செய்யப் பலரும் பயன்படுத்தும் வேர்டுபிரஸ் மென்பொருளில் செய்த தளமாக இருந்தால், கருவிகள் பகுதியில் உள்ள தள நலம் பக்கத்தில், தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு என்று தெரியும். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலும், 8.0க்கானவை 2023 நவம்பரிலும் நின்றுவிட்டன. பதிப்பு பழையது என்பது மட்டும் பெரிய குற்றமில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாத சோதனை நகல் தளம் ஒன்றில் பிஎச்பியை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது தளம் உடையாமல் நின்றால் சீரமைத்தால் போதும். தோற்றத்தைத் தரும் தீமோ, கூடுதல் வசதிகளைத் தரும் முக்கியமான பிளகினோ உடைந்து, அதைச் செய்தவர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தமிழ் எழுத்து: நம் ஊர்த் தளங்களுக்கே உரிய சோதனை இது, எந்த வெளியூர் நிறுவனமும் இதைக் கேட்காது. தளத்தில் உள்ள ஒரு தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு, கவலையில்லை. ஆங்கில எழுத்துகளாகச் சிதறி வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பாமினியில் "மதுரை" என்ற சொல் கே, ஜே, ஐ, யு என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். "மதுரை சுங்குடி" என்று ஒருவர் கூகுளில் எத்தனை முறை தேடினாலும் அந்தப் பக்கம் அவர் கண்ணில் படாது. எழுத்துருவைப் பதிவிறக்காத கைபேசியில் தளம் வெறும் குப்பையாகத் தெரியும். தமிழை எல்லாம் படமாக மாற்றி ஒட்டியிருந்தாலும் இதே கதிதான்.

பயப்பட வேண்டாம், இதற்கும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்ப்பது கட்டாயம்; நடுவே கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களும் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் உள்ள குறிகளும் மாற்றத்தில் சிதைந்துவிடும். பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக, விலை ஒன்றை நீங்களே மாற்றிப் பாருங்கள். விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பி, அது உங்களுக்கு வந்துசேர்கிறதா என்று பாருங்கள். படிவம் பல மாதங்களாக வேலை செய்யாமல் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. யாரும் விசாரிப்பதில்லை என்றே கடைக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார்.

5. இப்போது முடிவு செய்யுங்கள்

தளம் ஓடுகிறது, உட்புறம் புதுப்பிக்க இடம் தருகிறது, குறைகள் எல்லாம் படம், வேகம், விலை, எழுத்து, படிவம் என்ற அளவில் இருக்கின்றன என்றால் சீரமைப்புதான் சரி. தோற்றம் பழையதாகப்பட்டால் தீம் ஒன்றை மட்டும் மாற்றலாம். உள்ளடக்கமும் முகவரிகளும் அப்படியே இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் புதிதாகச் செய்துவிட்டார் என்பதோ, உங்களுக்கே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பதோ காரணமாகாது. வாடிக்கையாளர் உங்கள் தளத்தை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்க்கிறார், அவருக்குச் சலிப்பதில்லை.

புதிதாகச் செய்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. தளத்தின் கோப்புகளே கையில் இல்லை. செய்தவர் மட்டுமே அறிந்த முறையில் எழுதப்பட்டு, வேறு யாரும் தொட மறுக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஹேக் ஆகிறது. கைபேசியில் எதைச் செய்தும் சரியாக வருவதில்லை. அல்லது வெறும் அறிமுகமாக இருந்த தளத்தில் இனிமேல் நேரடியாக விற்கப் போகிறீர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பழையதற்குச் செலவு செய்வது வீண். ஐயம் இருந்தால் நான் கையாளும் கணக்கு இது: சீரமைப்புச் செலவோடு அடுத்த இரண்டு ஆண்டுப் பராமரிப்பையும் கூட்டுங்கள்; அது புதுத் தளச் செலவில் பாதியைத் தாண்டினால் புதிதாகவே செய்துவிடுங்கள்.

6. கொட்டேஷனை வரிவரியாகக் கேளுங்கள்

மூன்று பேரிடமாவது கேளுங்கள். மூவருக்கும் ஒரே தேவைப் பட்டியலைத் தாளில் கொடுங்கள். இல்லாவிட்டால் வரும் தொகைகளை ஒப்பிடவே முடியாது. எங்களுக்கு வந்தவற்றில் சீரமைப்புக்கு 8,000 முதல் 20,000 ரூபாய் வரையும், விற்பனை வசதியில்லாத புதுத் தளத்துக்கு 15,000 முதல் 60,000 வரையும், விற்பனை வசதியோடு அதற்கு மேலும் கேட்டார்கள். தொகையைவிட அதில் என்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள்: எத்தனை பக்கம், எத்தனை பொருள் ஏற்றித் தருவார்கள், தமிழ்த் தட்டச்சு யார் பொறுப்பு, படம் எடுப்பது யார் பொறுப்பு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், முதல் ஆண்டுக்குப் பின் ஹோஸ்டிங் ரினீவல் எவ்வளவு. முதல் ஆண்டுச் சலுகை விலையைக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்து, இரண்டாம் ஆண்டில் இரண்டு மூன்று மடங்கு பில் வருவது ஹோஸ்டிங் துறையில் வழக்கமான நடைமுறை.

ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். இந்தச் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 40,000 ரூபாய் வேலைக்கு 7,200 சேர்ந்து 47,200 ஆகிவிடும். நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் உங்கள் எண்ணைப் போட்ட பில் வாங்கி அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். செய்துதருபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால் அந்தப் பெயரில் தனியாக எதுவும் வசூலிக்கக் கூடாது.

தீம், பிளகின் ஆகியவை யார் பெயரில் வாங்கப்படுகின்றன என்றும் கேளுங்கள். விலைக்கு விற்கப்படும் தீம்களின் திருட்டு நகல்களை ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அவற்றில் பெரும்பாலும் வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்தே வரும், புதுப்பிப்பும் கிடைக்காது. உரிமம் வாங்கிய பில்லைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

தளத்தில் நேரடியாக விற்பதானால் செலவும் தாள்களும் கூடும். பணம் வாங்கும் கேட்வே நிறுவனம் பான், வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை, ஜிஎஸ்டி அல்லது உத்யம் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்கும்; தளத்தில் தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் முறை, அனுப்பும் முறை என்ற பக்கங்கள் இருந்தால்தான் ஒப்புதல் தரும். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் போட வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஊறுகாய், முறுக்கு, ஜிகர்தண்டா சிரப் என்று உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம அல்லது பதிவு எண்ணையும் போட வேண்டும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் உள்ள கடைக்காரர் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது என்பதால், பெங்களூருக்குச் சேலை அனுப்பத் திட்டமிடும் முன்னரே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். இதைத் தளம் செய்பவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

7. எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்

சிறு வேலைதானே, தெரிந்த பையன்தானே என்று விடாதீர்கள். ஒரே பக்கத் தாள் போதும். இருவரும் கையொப்பமிட வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே "இந்தத் தளத்துக்காக எழுதிய நிரல், வடிவமைப்பு, படங்கள் அனைத்தின் பதிப்புரிமையும் முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும் கடை உரிமையாளருக்கு மாற்றப்படுகிறது" என்று ஒரு வரி சேருங்கள்.

டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், கேட்வே ஆகிய எல்லாக் கணக்குகளும் உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டு, வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் தரப்படும் என்பதையும் எழுதுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது 30 விழுக்காடு, நகல் தளம் காட்டியதும் 40, தளம் மாறி இரண்டு வாரம் ஓடிய பின் மீதி 30. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் பக்கத்து நியாயத்தையும் பாருங்கள்: பெரும்பாலான தாமதம் கடைக்காரர் படமும் விவரமும் தராததால்தான் வருகிறது. எந்தத் தேதிக்குள் நீங்கள் எதைத் தருவீர்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

8. மாற்றும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

பொருள் விவரம் தயாராக இருந்தால் சீரமைப்பை இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கலாம். புதுத் தளத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஜவுளிக்காரர்கள் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் இடையில் மாற்றத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆடிக்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது பொங்கல் கழியட்டும். விடுதி, சாப்பாட்டுக் கடை, பயண ஏற்பாடு செய்பவர்கள் சித்திரைத் திருவிழா நாள்களைத் தவிருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் அறை தேடுகிறவருக்கு உங்கள் தளம் திறக்காவிட்டால் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். வாரத்தில் செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. வெள்ளி மாலை மாற்றினால், கோளாறு ஏதாவது வந்தால் திங்கள் வரை ஆள் கிடைக்காது.

மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில், பழைய விவரத்தை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் அளவை 300 விநாடியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அப்படிக் குறைத்தாலும் சிலருக்குப் பழைய தளமே இரண்டு நாள் வரை தெரியலாம். பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாமல் ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

9. பழைய முகவரிகளைக் காப்பாற்றுங்கள்

புதுத் தளத்தால் வியாபாரம் குறைந்தது என்று சொல்பவர்களை விசாரித்தால், பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள். பழைய தளத்தின் ஒவ்வொரு பக்க முகவரியையும் எக்செல் தாளில் ஒரு பத்தியில் எழுதி, அதற்கு நேராகப் புதுத் தளத்தில் அதற்கு ஈடான முகவரியை எழுதுங்கள். இந்தத் தாளைக் கொடுத்து, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புது முகவரிக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தர மடைமாற்றம் செய்யச் சொல்லுங்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வழி. கூகுள் அதை ஏற்காது, தேடி வந்தவருக்கும் அவர் கேட்டது கிடைக்காது. மடைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. எடுக்காமலே விட்டாலும் கேடில்லை.

அச்சில் உள்ளவற்றையும் அந்தத் தாளில் சேருங்கள். சேலைப் பெட்டி, பில் புத்தகம், கட்டைப்பை, கடைப் பலகை இவற்றில் அச்சிட்ட க்யூஆர் கோடுகள் எந்த முகவரிக்குப் போகின்றன என்று ஒவ்வொன்றையும் கைபேசியில் ஸ்கேன் செய்து எழுதுங்கள். எங்கள் பெட்டிகளில் இருந்த கோடு முகப்புக்குப் போகாமல் துவைக்கும் முறைப் பக்கத்துக்கு நேராகப் போனது. அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டவை, இனித் திரும்ப வாங்க முடியாது.

தளம் மாறிய அன்றே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நகல் தளமாக இருந்தபோது தேடுபொறிகள் வர வேண்டாம் என்று வேர்டுபிரஸில் போட்டுவைத்த குறியை எடுத்துவிட்டார்களா என்பது ஒன்று. எடுக்க மறந்தால் கூகுளிலிருந்து தளம் சிறிது சிறிதாகக் காணாமல் போகும். சர்ச் கன்சோலில், தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலான புது சைட்மேப்பைக் கொடுத்துவிட்டார்களா என்பது இன்னொன்று. முதல் சில வாரங்கள் வருகை கொஞ்சம் ஏறி இறங்கும். அதைக் கண்டு எதையும் மாற்றாதீர்கள்.

10. மாறிய பிறகு

மாதம் ஒருமுறை புதுப்பிப்பு, பேக்கப், படிவச் சோதனை மூன்றையும் செய்ய ஒருவரை நியமியுங்கள். ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதானால் இந்த மூன்றும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். "டொமைன் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டவும்" என்று உங்களுக்குத் தெரியாத நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தால் கட்டாதீர்கள். காலாவதி நாள் ஹூஇஸில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் மோசடிக்காரர்கள் அதைப் பார்த்து அனுப்புகிறார்கள். ரினீவல் என்றால் உங்கள் கணக்குக்குள் நேராகப் போய் அங்கேதான் கட்ட வேண்டும்.

டொமைன், ஹோஸ்டிங் இரண்டின் காலாவதி நாள், எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல், எந்த எண் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, கடை லைசென்ஸும் ஜிஎஸ்டி சான்றிதழும் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். தாளின் ஒரு பிரதியை வீட்டில் கணக்கு பார்ப்பவரிடம் கொடுத்து, காலாவதிக்கு ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டல் வைக்கச் சொல்லுங்கள்.